எங்களுக்குக் கருடன், அவர்களுக்குக் களவாணி!

இன்று காலை பாம்பன் பக்கம் அண்ணனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில்...

ஒரு பருந்தால் கல்யாணமே நின்றிருக்கும் மக்களே!

நாங்கள் திருப்புல்லாணி. விவசாயக் குடும்பம். அண்ணனும் அந்தப் பெண்ணும் ராமநாதபுரத்தில் ஒரே ஆபீஸ். (மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.)

"கடக்கரையில சம்பந்தமா?" என்று மூன்று மாதமாக முறுக்கிக்கொண்டிருந்த எங்கள் அய்யா (அப்பாதான்), இன்றுதான் அரை மனதோடு காரில் ஏறினார்.

பெண் வீட்டு வாசலில் இறங்கியதும் தலைக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்தது.

அய்யா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் அது கருடன், பெருமாளின் வாகனம். நல்ல காரியத்துக்குப் போகும்போது அது வந்துவிட்டால் வேறு சகுனமே பார்க்க வேண்டாம்.

"ஏலே, கருடனே வந்துருச்சு! இனி என்ன யோசன?"

அண்ணன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு!

அதே நொடி வீட்டுக்குள்ளிருந்து பெண்ணின் அம்மா ஓடி வந்தார். "போ, களவாணிப் பராந்து!" என்று அவர் எறிந்த கல், அய்யாவின் கருடனை நோக்கிப் பறந்தது.

(படவில்லை. பெருமாள் காப்பாற்றினார்.)

கருவாட்டுக்காக முற்றத்தில் காயப்போட்டிருந்த மீனை அது காலையிலிருந்து மூன்று முறை தூக்கிக்கொண்டு போயிருக்கிறதாம்.

அய்யா முகம் சுருங்கிவிட்டது. "கருடன் மேல கல்லெறியிற வீட்டுல எப்படிப் பொண்ணெடுக்குறது? வாங்க, போவோம்" என்று காரை நோக்கித் திரும்பிவிட்டார்.

அந்தப் பெண் வாசற்படியில் கண் கலங்கி நிற்கிறார். அண்ணன் என்னையே பார்க்கிறான். என் வாய் சும்மா இருக்குமா?

"அய்யா, நேத்து நம்ம தோட்டத்துல மயிலு மேல மண்ணாங்கட்டி எறிஞ்சது யாரு?"

பெண்ணின் அம்மா (எனக்கு அப்போதே அத்தைதான்!) பதறிப்போனார். "மயிலு மேலயா! முருகன் வாகனமாச்சே அண்ணே! எங்க பக்கம் ஒண்ணு வந்துச்சுன்னா அரிசி போட்டுக் கும்புடுவோமே!"

"நீங்க கும்புடுவீக தாயி. மொளகா நாத்தப் பூராம் கொத்தித் தின்னாத் தெரியும்!" அய்யாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "வெள்ளாம போனா முருகனா வந்து குடுப்பாரு?"

"எங்க மீனு போனா மட்டும் பெருமாளாண்ணே வந்து குடுப்பாரு?"

அய்யா மேலே பார்த்தார். பிறகு முற்றத்தில் கிடந்த மீனைப் பார்த்தார்.

"எம்புட்டு மீனு போச்சு தாயி?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். விளைச்சல் போன பக்கத்துத் தோட்டக்காரரிடம் அய்யா பேசும் குரல் அது. எனக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு என்ன! இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பறவைகளைத் திட்டினார்கள். நடுவில் கல்யாணத் தேதியும் குறித்தார்கள்!

கிளம்பும்போது அய்யா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கல்யாணத்த மேல ஷீட்டுப் போட்ட மண்டபத்துல வைப்போம் தாயி. தலைக்கு மேல எதுவும் பறக்கக் கூடாது."

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மயிலு நடந்துல்லண்ணே வரும்?"