ஒன்பதாம் நம்பர் வண்டி

வெர்னா பென்னர் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கனடாவின் மனிட்டோபாவில், பிராண்டன் நகருக்கு வடக்கே இருக்கும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அவள் வண்டியில்தான் வருவார்கள். நானும் அதே பணிமனையில் ஓட்டுநர். பனிப்புயலில் சாலையே தெரியாத காலைகளில்கூட அவள் வண்டி ஒரு கீறல் இல்லாமல் திரும்பும்.

ரஸ் கில்க்ரிஸ்ட் மேலாளராக வந்தபோது அவனுக்கு நாற்பது வயதிருக்கும். அவன் மேசைத் திரையில் பதினாலு வண்டிகளும் புள்ளிகளாக நகரும். பிந்துகிற புள்ளியை வயர்லெஸ்ஸில் கூப்பிடுவான். அவன் பேசுவது பதினாலு வண்டியிலும் கேட்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

"ஒன்பதாம் நம்பர், வண்டிய ஓட்டுறியா, இல்ல எறங்கித் தள்ளிக்கிட்டு வர்றியா?"

ஒன்பதாம் நம்பர் வெர்னா.

"இதோ வந்துட்டேன், ரஸ்."

"நீ வந்து சேர்றதுக்குள்ள இந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணமே ஆயிரும்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் என் வண்டியில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அவள் பிந்துவதற்குக் காரணம் தண்டவாளம். அவள் வழியில் நான்கு இடத்தில் குறுக்கிடும். பள்ளி வண்டி என்றால் நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். நாங்கள் பேருக்குத் திறந்து மூடுவோம். அவள் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் டயரைப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், மறுபடி எழுந்து போவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட மணி பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று அவள் கணவர் பீட் என்னிடம் வருத்தப்பட்டார்.

பிப்ரவரியில் ஒரு காலை. நான்கு நிமிடம் பிந்தியிருந்தாள். ரஸ் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கக் கதவைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: மூன்றாவது தண்டவாளத்தில் நிற்கவே இல்லை. ரயில் எதுவும் வரவில்லை. இருபத்தாறு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

நேராகப் பணிமனைக்கு வந்தாள். காபி அறையில் ரஸ்ஸும் நாங்கள் பதினோரு பேரும் இருந்தோம்.

"ரஸ், இன்னைக்கு மூணாவது கிராஸிங்ல நான் நிக்காம வந்துட்டேன். எழுதிக்கோங்க."

அவன் சிரித்தான். "அப்பாடா! பத்தொம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிட்டிருக்க."

யாரும் சிரிக்கவில்லை.

வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் பள்ளி வாரிய அலுவலகத்துக்குப் போய், தன் தவறையும் ரஸ் பேசியதையும் சொன்னாள். எழுத்தில் கொடுங்கள், கேட்டவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் காகிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மெர்வின், அவன் சொன்னது உன் காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு. ஆனா எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு, வெர்னா. அப்புறம் ரிட்டயர்டு."

"எனக்கு மூணு. இத்தன நாளும் என்னத்த பண்ணிக்கிட்டிருந்த?"

"சத்தத்தக் குறைச்சு வச்சேன்."

"என்னால குறைக்க முடியலையே. கூப்பிட்டதே என்னையத்தானே?"

கையெழுத்துப் போட்டேன். பதினோரு பேரில் ஆறு பேர் போட்டோம்.

விசாரணை ஏழு வாரம் இழுத்தது. அத்தனை நாளும் ரஸ் தேனொழுகப் பேசினான். "குட் மார்னிங் வெர்னா, ரோடு எப்படி இருக்கு?" என்பான். திட்டு வாங்கியதைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இவன் எப்போது மறுபடி தன்மேல் பாய்வான் என்று கண்ணாடியில் பின்னால் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்டவாளத்தில் நிற்காததற்கு அவளை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "அது சரிதான்" என்று ஏற்றுக்கொண்டாள். ஏப்ரலில் ரஸ்ஸின் மேசை காலியாக இருந்தது. வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி ஒட்டியிருந்தார்கள். வெர்னாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த செப்டம்பரிலும் ஒன்பதாம் நம்பரை அவள்தான் ஓட்டுகிறாள். புது மேலாளர் ஷெல்பி சாதுவான பெண். போன வாரம் காபி அறையில் பின்னாலிருந்து வந்து வெர்னாவின் தோளில் கை வைத்தாள்.

"வெர்னா, நீங்க வண்டி ஓட்டுறதப் பத்தி ஒரு அம்மா ஃபோன் பண்ணினாங்க. ரொம்ப நல்லா ஓட்டுறீங்களாம்."

கோப்பையிலிருந்த காபி மேசையில் சிந்தியது. வெர்னா பாதி எழுந்துவிட்டாள்.

"ஏன், நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றாள்.