ராசாத்தி கடைக் கணினி மறந்துபோன குலசாமி

‘செவ்வாய். காலை 9.50: ராசாத்தி கடையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்கள். 10.01: திரை வந்தது. 10.09: பிரவுசர் திறந்தது. 10.15: கரன்ட் போனது. 11.30: கரன்ட் வந்தது; கம்ப்யூட்டர் எழவில்லை. சித்ராவுக்கு ஹால் டிக்கெட் எடுக்க முடியவில்லை. ஞாயிறு தேர்வு.’

போன மாதம் என் நாட்குறிப்பில் எழுதியது இது. கிழமையும் நேரமும் போடாமல் எதையும் எழுத வராது எனக்கு. வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கிறது ராசாத்தியின் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். இந்தப் பத்தியை நான் கையால் எழுதுகிறேன். டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்புவது அவர்தான். அதாவது, வாரா வாரம் நீங்கள் படிப்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் வழியாக வந்தவை.

அதற்கு வயது பதினாலு. மனிதக் கணக்கில் தொண்ணூறு இருக்கும். ராசாத்தி காலையில் பட்டனைத் தட்டிவிட்டு, வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, டீயும் குடித்து முடிப்பார்... திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அது விழித்ததும் இன்னொரு வேலை உண்டு. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து அதற்குத் தேதி சொல்லிக்கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. தினமும் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி முதல் தேதியில்தான் கண் விழிக்கும். ராசாத்தி சில நாள் உடனே திருத்துவார். சில நாள் மறந்துவிட்டு, மதியத்துக்கு மேல் திருத்துவார். யுபிஎஸ் என்று ஒரு பெட்டியும் மேஜைக்கடியில் உண்டு. அதன்மேல் கால் வைத்துக்கொள்ளலாம்.

சித்ராவுக்கு முப்பத்து மூன்று வயது. எழுதவிருந்தது அரசு வேலைக்கான தேர்வு. அந்த வேலைக்கு வயது வரம்பு அவருக்கு இத்தோடு முடிகிறது. இனி ஒரு தடவை என்பது கிடையாது.

சரி, வேறு கடைக்குப் போக வேண்டியதுதானே? அடுத்த தெருவிலேயே ஏ.சி. போட்ட கடை வந்திருக்கிறதே?

போகலாம். ஆனால் பாஸ்வேர்டு ராசாத்தியிடம் அல்லவா இருக்கிறது! சித்ராவினுடையது மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடையது. பதிவு செய்கிற நாளில் ராசாத்தியே ஒன்றை வைத்து, கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலில் எழுதிக்கொள்வார். மறந்துபோனால் ஓடிபி வருமே என்பீர்கள். பதிவில் கொடுத்திருந்த சிம் கார்டு எப்போதோ செத்துவிட்டது.

அன்றைக்குக் கடை வாசலில் நின்றுகொண்டு சித்ரா கேட்டார். “அக்கா, ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துருமா?”

“நீ படிக்கிறதப் பாரு ஆத்தா. மெசின நான் பாத்துக்கிறேன்.”

சொன்ன கையோடு ராசாத்தி புதுக்கோட்டை மெக்கானிக் முத்துக்குமாருக்குப் போன் போட்டார். வியாழன் வருகிறேன் என்றவர் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டியவர். தோளில் ஒரு பை, காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு சொன்னார். “யக்கா... இது கம்ப்யூட்டரா, கோயிலா?”

எட்டிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மேலே வைத்த குங்குமமும் சந்தனமும் துளைகள் வழியே இறங்கி, மின்விசிறியின் இறக்கையில் சிவப்பாக அப்பியிருந்தன. ஒரு காய்ந்த சாமந்தி இதழ். ஒரு பல்லி முட்டை.

“ஃபேன் எப்படிக்கா சுத்தும்?”

“அந்தக் குங்குமத்துனாலதான் தம்பி இத்தன வருசம் ஓடுச்சு!”

முத்துக்குமார் பையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்தார்.

வேலை ஆரம்பமானது. தூசி ஊதினார். பிராசஸர் தலையில் புதுப் பசை தடவினார். ராம் நான்கு மடங்கானது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் போய், சீட்டுக்கட்டைவிட மெலிசாக ஒரு எஸ்எஸ்டி வந்தது. கடைசியாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கடிகார பேட்டரி. மற்றவையெல்லாம் எப்படியோ போகட்டும், அந்த பேட்டரிக்கு எழுந்து நின்று கை தட்டலாம்போல இருந்தது எனக்கு.

“பழைய டிஸ்க்குல சத்தம் ஒரு மாதிரி வருதுக்கா. உள்ள இருக்க ஃபைல வர்ற வரைக்கும் எடுத்துருவோம்” என்றார் முத்துக்குமார். பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற மூன்று மணி நேரம் ஆனது. முடிந்த கையோடு பழைய டிஸ்க் இரண்டு தடவை கனைத்தது; ஓய்ந்தது. அப்புறம் அதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

பிற்பகல் 3.10. பட்டனைத் தட்டினார்கள். நான் வாட்சைப் பார்த்தேன். பத்தொன்பது விநாடி! ராசாத்தி துடைப்பத்தைத் தேடிப் போயிருந்தார். தேதி? அன்றைய தேதி. கிழமை? சனிதான்.

சித்ரா கணவரோடு வந்து காத்திருந்தார். கணவர் செல்லத்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ராசாத்தி பாஸ்வேர்டு ஃபைலைத் திறந்தார்.

கட்டம் கட்டமாக இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

வேகம் வந்தது. ஞாபகம் போனது.

“அந்த எடத்துலதான் டிஸ்க்கு அடிபட்டிருக்கு. வெளியூருக்கு அனுப்பிப் பாக்கலாம்... பத்து நாளாகும். வரும்னும் சொல்ல முடியாது” என்று முத்துக்குமார் தரையைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு இந்தப் பாஸ்வேர்டுகளை ராசாத்தி ஒரு நீள நோட்டில்தான் எழுதிவைத்திருந்தார். காகிதத்தில் எழுதுவது ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னவன் நான். அவர் மாற்றினார். நோட்டு அந்த வருஷப் போகியில் எரிந்தது.

என் முகத்தைப் பார்த்து ராசாத்திக்கே பாவமாகிவிட்டது. “விடுங்க சார். ஆளுக்கொண்ணு வச்சா எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எல்லாருக்கும் அவுகவுக குலசாமிதான். சாமி பேரு, அப்பறம் ஒரு நம்பரு. நம்பரு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

எனக்குத் தலை சுற்றியது. “அப்படியென்றால் பங்காளிகளுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டா?”

“ஆமா சார். மேலத்தெருவுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு வரப்புக்காகக் கோர்ட்டு ஏறிருக்காக. பேச்சுவார்த்த கெடையாது. பாஸ்வேர்டு ஒண்ணு!”

(பயப்படாதீர்கள். இதை டைப் செய்வது ராசாத்திதான். அவர் சம்மதத்தோடு சாமி பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

யாரும் தன் குலசாமியை மறக்கமாட்டார்கள். உண்மைதான். ஆனால் பெண்களுக்கு? பிறந்த வீட்டில் ஒரு சாமி. தாலி ஏறினால் புருஷன் வீட்டுச் சாமி. சித்ரா பதிவு செய்தது கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

“எங்க சாமிதான். கருப்பர். எங்க ஆத்தாதான இவளக் கூட்டியாந்துச்சு” என்றார் செல்லத்துரை.

சித்ரா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? பதிவு நாளில் ஸ்கேன் செய்த சித்ராவின் போட்டோ பிழைத்திருந்தது. அதன் தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று! அன்று காலையும் தேதியைத் திருத்த மறந்திருக்கிறார்கள். செல்லத்துரையிடம் கல்யாண வருஷத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பரணில் இருந்து அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்து வந்து, கடையில் நின்று சத்தமாகவே வாசித்தேன்:

‘புதன். மாலை 4.30. ராசாத்தி கடையில் காத்திருந்தேன். சித்ரா என்ற புதுப்பெண்ணுக்கு ஆன்லைன் பதிவு. மணமாகிப் பதினோரு நாள். மாமியார் உடன் வந்திருக்கிறார். ராசாத்தி எதற்கோ குலதெய்வம் கேட்டார். மாமியார்: “இனிமே இவளுக்கும் கருப்பர்தான்.”’

ஆவணம் பேசிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ராசாத்தி அடித்தார். தவறு என்று சிவப்பில் வந்தது. “சின்ன எழுத்துல வச்சிருப்பனோ?” மறுபடி அடித்தார். தவறு. கீழே ஒரு வரி: இன்னும் ஒரு முறை தவறினால் இருபத்து நான்கு மணி நேரம் திறக்காது.

மணி 4.20. மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தேர்வு.

யாரும் கீபோர்டைத் தொடவில்லை. சித்ரா கணவரைப் பார்த்தார்.

“ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்.”

“இப்பத்தான குடிச்ச?”

“தல வலிக்குது.”

“நீ இத முடி. போறப்பக் குடிப்போம்.” செல்லத்துரை நகரவில்லை. அவருக்கும் கவலைதான். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்ரா இன்னும் ஒரு நிமிடம் நின்றிருப்பார். பிறகு, “நகருங்கக்கா” என்றார். ராசாத்தி எழுந்தார். சித்ரா உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்; கடைசியில், ராசாத்தி காதில் சொன்ன நம்பரையும் சேர்த்தார். திரையில் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே விழுந்தன. பாஸ்வேர்டுப் பெட்டி அவ்வளவு நாகரிகமானது.

என்டர் தட்டினார். திறந்தது. ஒரு விநாடி! பழைய டிஸ்க்காக இருந்தால் ஒரு யுகம் ஆகியிருக்கும். பிரின்டர் ஹால் டிக்கெட்டைத் தள்ள ஆரம்பித்தது.

“என்ன போட்ட?” என்றார் செல்லத்துரை.

சித்ரா பிரின்டரைப் பார்த்தார்.

“ஏய், என்ன போட்டன்னு கேக்குறேன்ல?”

“அரியநாச்சி.”

சித்ராவின் பிறந்த வீட்டுச் சாமி. நார்த்தாமலைப் பக்கம்.

“அத்த அன்னிக்குப் பஸ்ஸு வருதான்னு பாக்க வெளிய போனாகல்ல... அப்ப அக்காகிட்ட மெதுவாச் சொல்லி மாத்தச் சொன்னேன்.”

ராசாத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஆமாத்தா! காதுல வந்து சொன்ன! எப்படி மறந்தேன்?”

செல்லத்துரை பிரின்டரில் இருந்து தாளை எடுத்தார். மனைவியின் போட்டோவைப் பார்த்தார், தேர்வு மையத்தைப் படித்தார். நாலாக மடிக்காமல், கவனமாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார்.

“எங்கிட்டச் சொல்லிருந்தா நான் என்ன, சாமிகூடயா சண்டைக்குப் போவேன்? ரெண்டு தடவ தப்பாப் போட்டாகளே... அப்பவாச்சும் வாயத் தொறந்தியாடி?”

“நீங்கதான் டீ வாங்கப் போகலையே.”

முத்துக்குமார் சத்தமாகச் சிரித்துவிட்டார். செல்லத்துரையும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

நான் நாட்குறிப்பை மூடிவைத்தேன். அதில் நாள் சரி, கிழமை சரி, நேரம் சரி, பேசியவர் பெயரும் சரி. பேசாமல் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை. நாம் எழுதிவைப்பதெல்லாம் அறையில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னதைத்தானோ? புத்தகம் புத்தகமாகச் சரித்திரம் படித்தவனுக்கு இந்தச் சந்தேகம் ஒரு பாஸ்வேர்டு பெட்டிக்கு முன்னால்தான் வந்தது.

சித்ரா தேர்வு எழுதினார். “நல்லா எழுதிருக்கேன்” என்று ராசாத்தியிடம் சொல்லியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

இன்னொரு தகவலும் உண்டு. அந்த ஞாயிறு காலை ஆறரை மணிவாக்கில் செல்லத்துரையின் லோடு ஆட்டோ, தேர்வு மையம் இருக்கிற புதுக்கோட்டையைத் தாண்டி, திருச்சி ரோட்டில் நார்த்தாமலைப் பக்கம் போனதைப் பார்த்ததாக முத்துக்குமார் சொல்கிறார். முன்சீட்டில் ஒரு பெண் இருந்தாராம், மடியில் தேங்காய் பழத் தட்டு இருந்ததாம். வண்டி நம்பரை அவர் கவனிக்கவில்லை. நானும் சித்ராவிடம் கேட்கவில்லை.

ஆகவே இந்த வாரக் குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: ‘போனது அவர்கள்தானா என்பது உறுதியாகவில்லை.’