கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துறைமுகம்

"கண்ணு கெட்டுப்போச்சுன்னு அந்தக் கண்ணுக்கே எப்படி சார் தெரியும்?" சித்தூர் மிஷன் பள்ளியில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். கரும்பலகை எழுத்து மங்கினால் தெரியும் என்றேன். ஓய்வு பெற்றவன் கரும்பலகைக்கு எங்கே போவது?

சென்ற மாதம் திருப்பதிக்குப் போனோம். ரயிலடி அருகில் குடியிருக்கும் சிநேகிதர் தேவசகாயம், ஊர் திரும்பிய வெள்ளைக்கார என்ஜினீயர் தமக்குக் கொடுத்த படத்தைப் பார்க்க அழைத்திருந்தார். காலை ரயில், மூன்றாம் வகுப்பு, ஆளுக்குப் பதின்மூன்று அணா. குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாகாலாவில் ஊர்ப்பலகை தெரியவில்லை. புகை என்றேன்.

"வண்டி நின்னு எம்மா நேரமாச்சு, இன்னும் புகையா?" என்றாள் என் மனைவி எஸ்தர். "நேத்து உப்புமாவுல கடுகுன்னு எறும்பைத் துன்னீங்களே, அதுவும் புகையா? வேலூர் ஆஸ்பத்திரியில கண்ணைக் காட்டலாம்னா கேக்கறதில்ல."

எங்கள் சபையில் ஒருவருக்குப் புரை அறுத்தும் பார்வை திரும்பவில்லை. வழி நெடுக அவர் முகமே நினைவில் வந்தது.

படம் தேவசகாயம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. காலையில் போவது நல்லது. பிற்பகலில் அதன்மேல் வெயில் விழும். ஆளரவமில்லாத மீன்பிடித் துறைமுகம். கோடு போட்டு வரையாமல், கண்ணில் பட்ட ஒளியைத் திட்டுத்திட்டாக அப்பிவைக்கும் பிரெஞ்சு முறை, இம்ப்ரெஷனிஸம் என்கிறார்கள்.

இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம்.

"இன்னாங்க இது, வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு மட்டையால இழுத்தாப்பல?" என்றாள் எஸ்தர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "படகு மூணு. பாய்மரத்தோட நிழல் தண்ணியில ஆடுது பார்."

தேவசகாயம் என்னையே பார்த்தார். "வாத்தியாரே, அது வாசப்படியாண்ட போய் நின்னாத்தான் தெரியும். இங்கருந்து வெறும் திட்டுதான். உனக்குத் திட்டு தெரியலையா?"

என் விரலைப் பிடித்துப் படத்தில் வைத்தார். விரலுக்குக் கரடுமுரடாக இருந்தது. கண்ணுக்கோ வழவழப்பான தண்ணீர்.

எஸ்தர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

திரும்பும்போது நாங்கள் சித்தூரில் இறங்கவில்லை. அதே வண்டியில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர். இப்போது புரை அறுத்த வலக்கண்ணில் கட்டு; நான் சொல்ல எஸ்தர் எழுதுகிறாள். திங்கட்கிழமை அவிழ்ப்பார்கள். அதற்கப்புறம் தெரியும்.

படத்துக்காகத் திருப்பதி வரை போகவேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரருகில் நின்று, ஒரு கண்ணை மூடி, சுண்ணாம்பு மட்டையின் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள்.