துர்காதேவியின் ஜீப்பில் முனகியது எது

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசும் ஆண்களை துர்காதேவிக்குப் பிடிக்காது. படுத்தால் பார்க்க வேண்டும், பேசுவதென்றால் எழுந்து வந்து பேச வேண்டும் என்பார். விஜயபுரத்தில் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கடந்த மே மாதம் அவர்களில் பாதிப் பேர் அவருடைய ஜீப்புக்கு அடியில் இருந்தார்கள்.

வயது நாற்பத்து மூன்று. பிறந்தது ஆந்திர எல்லையோரத்து நகரி என்ற ஊரில், தறிக்காரக் குடும்பத்தில். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நிறுத்தி, பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் பன்னிரண்டில் எந்தத் தறி தாளம் தப்புகிறது என்பது மட்டும் கேட்டாக வேண்டும். தாமதித்தால் சேலை வீண். ஒன்பது வருடம் அப்படிக் கேட்டார். கல்யாணமாகி விஜயபுரம் வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "கல்லு ஒடைக்கச் சொன்னாலும் ஒடைக்கறேன். தறிக்கு மட்டும் திரும்பிப் போவ மாட்டேன்."

கணவர் சந்திரன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை செய்கிறார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து, இடையில் கிடைக்கும் நேரத்தில் தூங்குவார். ஜீப் அவருடையதல்ல. அண்ணன் சுரேஷ்பாபுவின் பெயரில் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி அது. ஏதோ ஒரு தேர்தல் வருடத்தில் ஒரு தலைவருக்குப் பின்னால் போக சுரேஷ்பாபு அதை வாங்கினார். தலைவர் கட்சி மாறினார், சுரேஷ்பாபுவும் மாறினார், பிறகு அந்தத் தலைவரே அவரை மறந்துபோனார். அதோடு ஜீப் வேப்பமரத்தடிக்கு வந்தது. நான்கு வருடம் கோழிகள் அடைந்த வண்டியைக் கழுவி, ஓட்டக் கற்று, மலைச்சரிவு மாந்தோப்புகளுக்கு ஏற்றியவர் துர்காதேவி. சின்ன லாரிகள் அடிவாரத்தில் நின்றுவிடும். இந்த ஜீப் மேலே போய் மாங்காய்க் கூடைகளோடு இறங்கி வரும். மாங்காய் இல்லாத மாதங்களில் நெல்லும் வேர்க்கடலையும்.

தம்பி மனைவி ஸ்டியரிங் பிடிப்பது சுரேஷ்பாபுவுக்கு ஆறு வருடமாகக் கௌரவக் குறைச்சல். காரணம்தான் கிடைக்கவில்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை காரணமே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முனகல். நாற்பதில் அது உறுமலானது. நின்றால் ஒன்றுமில்லை. இஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் நின்ற இடத்தில் வண்டி பரம சாது.

"வண்டி முடிஞ்சிபோச்சி," என்றார் சுரேஷ்பாபு, ஏற்கெனவே வெள்ளைச் சட்டை போட்டு இரங்கலுக்குத் தயாராக இருந்தவர்போல. "வர்ற வெள்ளிக்கெழம புத்தூர்ல இருந்து சலீம் பாய் வராரு. சத்தம் நின்னா நீயே ஓட்டிக்கோ. நிக்கலன்னா பழைய இரும்பு. நகரில தறிக்கு ஆளு கேட்டுக்கினு இருக்காங்களாம்."

"எல்லாரும் கேட்டீங்க இல்ல?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார் துர்காதேவி. "சத்தம் நின்னா நான் ஓட்டறேன்னு மாமா சொல்லிட்டாரு." தெருவில் ஏழெட்டுப் பேர் தலையாட்டினார்கள். கைவசம் ஆறு நாள்.

முதல் நாளை அவரே வீணடித்தார். சத்தம் பின்னாலிருந்து வருகிறது, பின் வலது சக்கரத்தின் பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, சந்திரனின் தூக்கத்தைக் கெடுத்து, இருவருமாகப் புதிது மாட்டினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. இதைப் பற்றி இன்று கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டாம் நாள் புத்தூர். ஒடிந்த எலும்பைக் கட்டுவதற்குப் பேர்போன ஊர். அங்கே மெக்கானிக் ஹரிபாபு, போனை வண்டிக்கு அடியில் பிடித்து ஒலிப்பதிவு செய்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார்.

"அக்கா, இதி கியர் பாக்ஸே. சந்தேகமே லேது. இறக்கிடலாம்."

"ஓடாம நிக்கற வண்டிய ரெக்கார்டு பண்ணியே, அதுல இன்னா கேட்டுச்சி உனக்கு?"

ஹரிபாபு போனைப் பார்த்தார். உண்மையில் அதில் பதிவாகியிருந்தது பக்கத்து டீக்கடை கிரைண்டர்.

மூன்றாம் நாள் திருப்பதியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். குளிரூட்டிய வரவேற்பறை, கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர், பெயர் கோகுலகிருஷ்ணன். மடிக்கணினியை எடுத்து வந்து, அதைச் செருக டேஷ்போர்டுக்கு அடியில் துளை தேடினார். அந்த வண்டி செய்த காலத்தில் அப்படித் துளையே கிடையாது. இருபது நிமிடம் தேடிவிட்டு, "டிரான்ஸ்பர் கேஸ் மேடம், மொத்தமா மாத்தணும்," என்றார். இஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி அது. அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. துர்காதேவி அங்கே கொடுத்த காபியை மட்டும் முழுதாகக் குடித்துவிட்டு வந்தார்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு நோய். ஒருவர் ஆயில் என்றார். ஒருவர் டயர் என்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சின்னசாமி, பெண் ஓட்டினால் கிளட்ச் அப்படித்தான் அழும் என்றார். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து நாற்பதில் ஓட்டி, கிளட்சை முழுக்க மிதித்துக் காட்டினார் துர்காதேவி. முனகல் மாறவே இல்லை.

"அழுவறது யாரு தாத்தா? கிளட்சா, நீயா?"

புதன்கிழமைக்குள் வைத்தியர்கள் தீர்ந்தார்கள். வியாழக்கிழமை காலையில் அவர் தறிக்கொட்டகையில் செய்ததைச் செய்தார். எந்தத் தறி தப்பு என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வர வேண்டும். எதை நிறுத்தினால் தப்புத் தாளம் நிற்கிறதோ, அதுதான்.

டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றினார். பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டையும் கழற்றினார். இப்போது இஞ்சின், கியர், டிரான்ஸ்பர் கேஸ் மூன்றும் சும்மா உட்கார்ந்திருக்கும் சுமை மட்டுமே. பக்கத்து வீட்டு ரகுவின் டிராக்டரில் கயிறு கட்டி, சந்திரனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார்.

"நீ எங்க உக்காருவே?" என்றார் சந்திரன்.

"பானெட்டு மேல."

"ஊரு சிரிக்கும் துர்கா."

"சிரிக்கட்டும். ஊருக்கு வேற வேல இன்னா இருக்குது?"

நெல்வயல்களுக்கு நடுவே டிராக்டர் முழு வேகத்தில் இழுத்தது. இஞ்சின் அணைந்த ஜீப்பின்மேல், முன் மட்கார்டில் காதை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார் துர்காதேவி. முனகல் கேட்டது. டிராக்டர் இரைச்சலுக்குக் கீழே, தனியாக, தெளிவாக. ஹரிபாபுவின் கியர் பாக்ஸும் திருப்பதியின் டிரான்ஸ்பர் கேஸும் அந்த நிமிடமே தள்ளுபடி. வலது பக்கம் நகர்ந்தார், குறைந்தது. இடது பக்கம் வந்தார், கூடியது.

"முன்னாடி, லெஃப்டு!" என்று கத்தினார். ரகு திரும்பிப் பார்த்து கிட்டத்தட்ட வாய்க்காலில் இறங்கினார்.

ஆனால் அதுதான் நடக்கக்கூடாதது. சாலையில் ஓடும்போது முன் அச்சுக்கு வேலையே இல்லை. முன்சக்கரங்களின் நடுவில் ஆளுக்கொரு குமிழ் உண்டு, மேலே ஒரு குறிப்புள்ளியோடு. கையால் "லாக்" பக்கம் திருப்பினால் சக்கரமும் அச்சும் சேர்ந்து சுற்றும், மலை ஏறலாம். "ஃப்ரீ" பக்கம் திருப்பினால் சக்கரம் மட்டும் சுற்றும். ஜனவரியில் அவரே இரண்டையும் ஃப்ரீயில் விட்டிருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடுவதில்லை.

ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். சக்கரம் மட்டும் சுற்றியது. இடது சக்கரத்தைச் சுற்றினார். அச்சுக்குழாய்க்குள் பற்கள் உரசி முனகின. தூங்க வேண்டியது விழித்துக்கொண்டிருந்தது.

இரண்டு குமிழ்களின்மேலும் தடியாக மஞ்சள் பூசி, நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம் வைத்திருந்தது. சத்தம் வந்ததற்கு முந்தின நாள், மாங்காய் சீசனுக்கு முன் செய்யும் வெள்ளிக்கிழமை பூஜை. அது சுரேஷ்பாபு விட்டுக்கொடுக்காத உரிமை. காய்ந்த மஞ்சளை துர்காதேவி ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். வலது, ஃப்ரீ. இடது, லாக்.

குமிழைத் திருப்பினார். ஷாஃப்டுகளை மாட்டினார். அறுபதில் ஓட்டினார். ஜன்னல் கண்ணாடி ஆடும் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை சலீம் பாய் மினி லாரியில் வந்து இறங்கினார். தெரு கூடியது. துர்காதேவி இடது சக்கரத்தைக் காட்டிக் கேட்டார்:

"மாமா, பூஜை அன்னிக்கி இத்தத் திருப்பினீங்களா?"

"குமிழ் மேல இருக்கற புள்ளி கோணலா இருந்திச்சி," என்றார் சுரேஷ்பாபு, கொஞ்சமும் கூசாமல். "சாமிக்கு வைக்கற பொட்டு நேரா இருக்க வேணாமா? திருப்பி நேரா வெச்சேன்."

"அந்தப் பக்கம்?"

"அது நேராத்தான் இருந்திச்சி."

யாரோ சிரித்தார்கள். சுரேஷ்பாபு சிரிப்பை மதிக்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தானே கேட்டுப் பார்க்க வேண்டுமாம். சலீம் பாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துர்காதேவி பிச்சாட்டூர் சாலையில் நான்கு கிலோமீட்டர் ஓட்டினார். சுரேஷ்பாபு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கச்சேரிக்குப் போனவர்போலக் கேட்டார்.

"இன்னும் லேசாக் கேக்குது," என்றார். "உள்ள எங்கயோ."

"இரும்பு வாங்கறவன் நான்," என்றார் சலீம் பாய். "வாங்கறதுக்கே வந்தேன். எனக்கே கேக்கலயே பாபு. பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?"

திரும்பி வந்ததும் சலீம் பாய், ஜீப்பை இழுத்துப் போகக் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டித் தன் லாரியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சுரேஷ்பாபு மட்டும் முன்சீட்டில் இருந்து இறங்கவில்லை. வண்டி தன் பெயரில் இருக்கிறது என்றும், பூஜை செய்ததால்தான் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றும் தெருவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேரும் அவருடைய பழைய வாக்கை அவருக்கே நினைவூட்டினார்கள்.

துர்காதேவி பின்னால் காலிக் கூடைகளை ஏற்றினார். குனிந்து இரண்டு குமிழ்களையும் லாக்கில் திருப்பினார். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார்.

"எறங்குங்க மாமா. மேட்டுல ஏறணும். வீண் வெயிட்டு வேணாம்."

சுரேஷ்பாபு இறங்கினார்.