இடது கண்ணில் ஒரு வெள்ளை

கோட்டூர்புரம் வீட்டில் தங்கை மகளுக்கு முதல் பிறந்தநாள். கேமராவின் ஃப்ளாஷ் குழந்தையின் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்தது. டிஷ்யூ பேப்பரை மடித்து ஃப்ளாஷ் மேல் ஒட்டினேன். வெளிச்சம் இதமானது, சுவரில் விழுந்த நிழலும் மங்கியது. ஆனால் இடது கருவிழியின் நடுவே மட்டும் பால்போல ஒரு வெள்ளை.

"பேப்பரை நேரா ஒட்டுண்ணா," என்றாள் தங்கை. மாற்றி ஒட்டி, தள்ளி நின்றும் எடுத்தேன். வெள்ளை போகவில்லை.

விருந்துக்கு வந்திருந்த கீழ்வீட்டு நர்ஸம்மா படத்தைப் பார்த்தார். "இது லைட் கோளாறு இல்ல தம்பி. நாளைக்கே கண் டாக்டராண்ட இட்னு போங்க."

கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் திறந்தேன். மூன்று மாதம் முன்பு எடுத்ததிலும் அதே வெள்ளை. ஃப்ளாஷ் செய்த வேலை என்று நினைத்து, நானே அதைக் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கித் தங்கைக்கு அனுப்பியிருந்தேன்.

அன்றே அவளிடம் சொன்னேன். "எனக்கும் தெரியலையேண்ணா," என்றாள்.

கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டாள்.