கடுகண்ணாவைக்கு முன்னால் திரும்பிய கார்

என் மகனின் தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தேன். ஒரு பழைய காரை விற்பதற்காக.

இதை வாசிக்கிற நீங்களும் ஒரு தாயாக இருக்கலாம். அப்படியானால் முதல் வரியிலேயே என்னை வெறுத்திருப்பீர்கள். வெறுங்கள்... ஆனாலும் முழுவதையும் கேளுங்கள்.

கூரையைத் திறந்து மூடக்கூடிய கார் அது. கல்யாண ஹயருக்கு விடலாம் என்று என் கணவர் வாங்கினார். திறந்த காரில் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்டி வாவியைச் சுற்றி வருவதற்கு நல்ல கிராக்கி இருந்தது. ஹயர் இல்லாத ஒரு நாள், கூரையை மூடிக்கொண்டு நாங்கள் மூவரும் கொழும்புக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவை இறக்கம் முடிந்து வேகம் எடுத்தபோது, துணிக்கூரையின் முன்பக்கம் கழன்று மேலே எழும்பியது! காற்று உள்ளே பாய்ந்தது. கார் தடுமாறியது. எதிரே ஒரு லொறி. என் மடியில் இரண்டு வயது மகன்...

எப்படித் தப்பினோம் என்று இன்றும் தெரியவில்லை.

கராஜ்காரர் பார்த்தார். முன்னால் மாட்டும் கொக்கியில் பிழையில்லை, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமே வளைந்திருக்கிறது என்றார். மெதுவாக ஓடினால் ஒன்றும் தெரியாது. வேகத்தில் காற்றுப் பிடித்தால் மறுபடி எழும்பும்.

விற்றுவிடுங்கள் என்று நச்சரித்தவள் நான்தான். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது ஆகாது என்றேன். அடுத்த வீட்டுக்கு மட்டும் ஆகுமா? அதை நான் யோசிக்கவில்லை... இல்லை, பொய். யோசித்தேன். யோசித்துவிட்டுத் தள்ளி வைத்தேன்.

கல்யாண வேலைகளை எடுத்துச் செய்யும் தர்ஷினி பிலிமத்தலாவையிலிருந்து தன் கணவருடன் காரைப் பார்க்க வந்தாள். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். "கேக்காதத நீயா சொல்லாத" என்பது அவர் சொல்லிவிட்டுப் போனது.

அவள் கெட்டிக்காரி. கூரையை மூடி, தையல்களின் மேல் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினாள். உள்ளே கால்விரிப்பைத் தூக்கி, ஈரம் இருக்கிறதா என்று தடவி, முகர்ந்தும் பார்த்தாள். மூன்று முறை கூரையைத் திறந்து மூடி, மோட்டாரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். கூரை திறந்திருக்கும்போது கதவுகள் நெருக்காமல் மூடுகின்றனவா என்று பார்த்தாள். பிறகு அவள் ஓட்ட, நான் மகனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய கணவர் பின்னால் மடங்கிக் கிடந்தார்.

"கால வைக்கவே எடமில்ல. இதுல மாப்பிள்ளய எங்க ஒக்கார வைப்ப?"

"மாப்பிள்ளைங்க ஒல்லியாத்தான் இருப்பாங்க. எல்லாரும் ஒங்கள மாதிரியா?"

நானும் சிரித்தேன். சிரிக்க முடிந்தது எனக்கு!

பிலிமத்தலாவையைத் தாண்டியதும் அவள் சொன்னாள்: "கூரைய மூடிட்டு, கடுகண்ணாவைக்கு அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் வேகமா ஓட்டிப் பாக்குறேன் டீச்சர். காத்துச் சத்தம் எப்படின்னு தெரியணும்."

மிச்சமிருந்தது அந்த ஒரு சோதனைதான். என் கை தானாக எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த மகனின் உச்சியில் போய் அமர்ந்தது.

"பிள்ள மேல சத்தியமா சொல்றேன் தர்ஷினி. இந்தக் கூரையால எங்களுக்கு ஒரு நாளும் கரைச்சல் வந்ததில்ல."

அவள் பதறிப்போய்க் காரை ஓரமாக நிறுத்தினாள். "ஐயய்யோ, கைய எடுங்க டீச்சர்! தூங்குற பிள்ள மேல போய்... நான் நம்பாமலா கேட்டேன்?"

வெட்கப்பட்டவள் அவள்! காரைத் திருப்பிவிட்டாள். அதற்கு மேல் எதையும் சோதிக்கவில்லை.

அதன் பின் மகனுக்கு ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும் என் கைதான் சுடுவதுபோல் இருக்கிறது. கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். ஒரு முறைகூட தர்ஷினியின் பெயரைச் சொன்னதில்லை. என் பயம்கூட என் பிள்ளையோடு நின்றுவிடுகிறது, பாருங்கள்...

நேற்று அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"கூரை முன்னால லேசாத் தூக்குது டீச்சர். ஒங்ககிட்ட இருந்தப்ப இப்படி இருந்துச்சா?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்.

"இல்லையே..."

"அப்ப எங்க வீட்டுக்காரர் வேலதான்! சும்மா சும்மா தொறந்து மூடி வெளயாடுறாரு. நல்லா ஏசிட்டேன். கொக்கிய மாத்தக் குடுத்திருக்கேன். அது போதுந்தானே?"

நான் பாடம் சொல்லிக் கொடுப்பவள். தெரிந்ததைத் தெளிவாகச் சொல்வதுதான் என் தொழில்.

"போதும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் ஒரு கல்யாணமாம். காலையிலேயே புறப்படுகிறார்களாம். மகன் சுகமா என்று விசாரித்துவிட்டு வைத்தாள்.

இன்று வியாழக்கிழமை. அவளுடைய இலக்கம் என் போனில் இருக்கிறது. நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.