பச்சைக் கட்டின் மேல் சிவப்பு நூல்

பிரிண்டர் ஓடும்போது ஒரு வாசம் வரும். சூடான ரிப்பன் மையும் ஈரக் காகிதமும் கலந்த வாசம்... கொடைக்கானல் குளிரில் ஜன்னலை அடைத்து வைத்திருப்பதால் அறை முழுக்க அதுதான் நிற்கும். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. அட்டுவம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் மெட்ராஸ்காரர்கள் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் போட்டிருந்தார்கள். கூட்டிப் பெருக்க, டீ போட, பிரிண்டரில் வரும் நீளக் காகிதத்தைக் கிழித்துக் கட்டிவைக்க நான். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த நாள் முதல் பூண்டுக் காட்டில் குனிந்தே கிடந்தவளுக்கு அந்த அறை சொர்க்கம். மழை உள்ளே வராது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது.

கோமதி என்று ஒரு இன்ஜினியர் பெண். பழனிப் பக்கம், பாலசமுத்திரம். அந்த ஆபீசில் என்னை அக்கா என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

இரண்டு கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளில் கோர்த்துப் பேச வைக்கிற டிரைவர் புரோகிராமை அங்கே எழுதினார்கள். பன்னிரண்டு பைல். எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகளை ஹெட்டர் என்று தனி பைலில் வைத்திருப்பார்கள். அதில் ஒரு எண் மாறினாலும், அதை நம்பியிருக்கிற ஒவ்வொரு பைலையும் மறுபடி கம்பைல் பண்ண வேண்டும், அதாவது மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தர வேண்டும். ஒன்றை மறந்தால் அது மட்டும் பழைய அளவையே பிடித்துக்கொண்டு நிற்கும். கோமதி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். இதுவே போதுமாக இருந்தது.

ஒவ்வொரு பைலுக்கும் ஒரு காகிதக் கட்டு. ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய கம்பளி நூல் என்னிடம் கிடந்தது. கேபிளில் ஒரு தடவைக்கு அனுப்புகிற தகவல் துண்டுக்குப் பாக்கெட் என்று பேர். அது எவ்வளவு நீளம் என்று சொல்கிற ஹெட்டருக்குச் சிவப்பு. பாக்கெட்டுகள் வரிசையில் காத்து நிற்கிற இடத்தைச் சொல்கிற ஹெட்டருக்குப் பச்சை. எந்தக் கட்டுக்கு எது வேண்டுமோ அந்த நூலை அதில் கட்டிவிடுவோம். கோமதி அந்தப் பக்கமிருந்து "சிவப்பு மாறிருச்சுக்கா" என்பாள். நான் சிவப்பு கட்டியதையெல்லாம் உருவி மேஜையில் வைப்பேன். அவள் ஒவ்வொன்றாக முடிப்பாள். ஒன்றுகூடத் தவறியதில்லை.

அந்த ஆபீசுக்குப் பெரியவர் தாமோதரன் சார். அவருக்கு அந்த நூலைக் கண்டாலே ஆகாது. மெட்ராஸிலிருந்து முதலாளி திங்கட்கிழமை வருகிறார் என்றதும், இதென்ன கோயில் மரமா என்று கேட்டு, கத்தரிக்கோல் எடுத்து எல்லா நூலையும் வெட்டினார். ஒவ்வொரு பைலின் முதல் வரிகளிலும் எந்த ஹெட்டர் பெயர் இருக்கிறது என்று பார்த்து ஒரு லிஸ்ட் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கெட் நீளத்தை மாற்றினார்கள். லிஸ்டில் இருந்ததை எல்லாம் கம்பைல் பண்ணினார்கள். திங்கள் வெள்ளனே கேபிளை மாட்டிப் பார்த்தால், இந்தப் பக்கம் அனுப்புவது அந்தப் பக்கம் குப்பையாக வந்து விழுகிறது. முதலாளி வர மூன்று மணி நேரம்தான்.

தாமோதரன் சார் என்னைப் பார்த்துவிட்டு கோமதியிடம் சொன்னார். "படிக்காதவ கையில பேப்பரைக் குடுத்தா இப்படித்தான் கலைஞ்சு போகும். இன்னையோட இவளை அனுப்பிடு."

டீ டம்ளர் கையில் அப்படியே நின்றேன்... மறுபடி பூண்டுக் காடா? அழவில்லை. யோசித்தேன். வெட்டின நூல் ஒவ்வொன்றும் எந்தக் கட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று கண்ணுக்குள் நின்றது.

கோமதி பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"கோமதிம்மா, நாலாவது கட்டுல பச்சை மட்டுந்தான் கெடந்துச்சு. ஆனா அந்தப் பச்சை ஹெட்டர் கட்டு மேலயே ஒரு சிவப்பு கட்டியிருந்தீங்க. சிவப்பு மாறினா அதைப் பாத்துப் பச்சைக்காரங்களையும் சேத்துத்தான எடுப்போம்?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு லிஸ்டைப் பார்த்தாள். வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கும் என்று சொல்ல, ஒரு பாக்கெட்டின் நீளம் தெரிய வேண்டும். அதனால் பச்சை ஹெட்டர் தனக்குள்ளேயே சிவப்பைக் கூப்பிடுகிறது. நாலாவது பைலின் முதல் வரிகளில் சிவப்பின் பெயர் இல்லை. லிஸ்டிலும் இல்லை.

"ஆமாக்கா," என்றாள். "வெரசா அந்தக் கட்டை எடுங்க."

அந்த ஒரு பைலைக் கம்பைல் பண்ணினாள். அந்தப் பக்கத் திரையில் அனுப்பினது அனுப்பினபடி வந்து நின்றது.

முதலாளி வந்தார், பாராட்டினார், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தாமோதரன் சார் தலையாட்டிக்கொண்டே நின்றார். என்னை அனுப்பச் சொன்ன பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவும் இல்லை... அன்று அவர் போட்டிருந்தது காப்பிக் கலர் ஸ்வெட்டர், இடது முழங்கையில் கிழிசல். இருக்கட்டும்.

கோமதி மறுநாளே எல்லா நூலையும் திரும்பக் கட்டச் சொன்னாள். ஒரு வருஷம் கழித்து ஆபீஸையே மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதுறேன்க்கா" என்றாள். எனக்குப் படிக்க வரவேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் ஒரு கடிதம் போட்டாள். பதில் எழுத வெட்கப்பட்டு நாளைத் தள்ளினேன். அப்புறம் அவள் விலாசம் மாறிவிட்டது.

என் பேத்திக்கு இப்போது பெங்களூரில் இதே மாதிரி வேலை. எந்த பைல் எதை நம்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாமாம். நல்லதுதான், யாருக்கும் ஏச்சு விழாது.

அன்று அந்த அறையில் என்னைக் கேட்டுத்தான் வேலை நடந்தது. இன்று இந்த வீட்டில் என்னிடம் கேட்பது, மாத்திரை போட்டாச்சா என்பது ஒன்றுதான்.